ஷாமிசென்: மூன்று தந்தி, ஒரு தோல், ஒரு செம்மரத் தண்டி

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமைதான் முதல்முறையாக நிப்பொன்பாஷியில் உள்ள தேசியப் புன்ராக்கு அரங்கத்துக்குப் போனேன். பொம்மலாட்டம் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினேன். வீடு திரும்பும்போது காதுக்குள் இருந்தது ஷாமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் மட்டும்தான். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் மேடைக்கு வலது புறம் ஒரு சின்னத் திண்ணை. அது சுழலும். சுழன்று வரும்போது அதில் இரண்டு பேர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தாயு, அதாவது கதை சொல்பவர். பொம்மைகள் அத்தனைக்கும் அவர் ஒருவரே குரல். மற்றவர் கையில் ஷாமிசென். தாயு தொடங்குவதற்கு முன் எதிரே இருக்கும் ஏட்டை இரண்டு கையாலும் தூக்கித் தலை வணங்குகிறார். நாம் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அப்படி. அப்புறம் ஒரு அடி விழுகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்பது வருடம் வீணை கற்றவள் நான். தந்தி வாத்தியம் என்றால் மீட்டுவது என்றே மனதில் பதிந்திருக்கிறது. இதை மீட்டுகிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, அடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. விசிறி மாதிரி முனை அகன்ற ஒரு கட்டை, அதற்குப் பாச்சி என்று பெயர். அது தந்தியில் படும் அதே நொடியில் கீழே இருக்கும் தோலிலும் விழுகிறது. ஒரே வீச்சில் சுரமும் கேட்கிறது, மேளமும் கேட்கிறது. நாதம் உடனே அடங்கிவிடும். வீணையில் ஒரு மீட்டில் நாலு சுரத்தை இழுத்துக்கொண்டு போகலாம். இங்கே அது நடக்காது. அடித்தால் முடிந்தது, அடுத்த அடி வரும் வரை மௌனம். அந்த மௌனத்துக்குள்தான் தாயு அழுகிறார்.

வாத்தியம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். மூன்று தந்தி, வீணையில் இருப்பது போல் மெட்டு கிடையாது. தண்டியின் பருமனை வைத்து மூன்று வகை. மெல்லிய தண்டி கபுக்கி நாடகத்தில் பாடும் நாகவுதா பாட்டுக்கு, நடுத்தரம் ஜியுதா பாட்டுக்கும் நாட்டுப்பாடல்களுக்கும், பருத்தது புன்ராக்கு பொம்மலாட்டத்தில் வரும் கிதாயு கதைப்பாட்டுக்கும் வடக்கே ட்சுகாரு வட்டார இசைக்கும். கிதாயு ஷாமிசெனில் தந்தியைத் தாங்கும் குதிரைக்குள் ஈயம் வைத்து கனமாக்குவார்களாம். அந்தக் கனம் வயிற்றில் தெரிகிறது.

இந்த வாத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


தம்புரா சுந்தரம் எழுதியது:

கயல்விழி, நல்ல இழை தொடங்கினாய் அம்மா. நான் வாய்ப்பாட்டுக்காரன். ஷாமிசென் வாசித்ததில்லை, ஆனால் பல வருடமாகக் கேட்கிறேன். என்னை முதலில் பிடித்து இழுத்தது அதன் முதல் தந்தியில் வரும் ரீங்காரம்.

தம்புராவில் ஜீவாளி வைக்கிறோம் இல்லையா? குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூல். சரியான இடத்தில் அது வந்து நின்றதும் தந்தி "பேச" ஆரம்பிக்கும். ஷாமிசெனில் இதே வேலைக்கு ஸவாரி என்று பெயர், தொடுதல் என்று பொருள். மேலே தந்தியை முறுக்கும் பிருடைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் குதிரை இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தந்திகள் அதன் மேல் ஏறிப் போகும். தடித்த முதல் தந்தி மட்டும் அதில் ஏறாது. தண்டியில் செதுக்கிய ஒரு மேட்டை லேசாக உரசிக்கொண்டு போகும். அந்த உரசலில்தான் ரீங்காரம் பிறக்கிறது. மற்ற தந்திகளில் சுருதி சுத்தமாக விழுந்தால் முதல் தந்தியும் கூடவே முனகும். இதற்கு மூதாதைகளான சீனாவின் சான்ஷியனிலும் ஒகினாவாவின் சான்ஷினிலும் இது இல்லை. ஜப்பானுக்கு வந்த பிறகு, பீவா என்ற பழைய தந்தி வாத்தியம் வாசித்தவர்கள் சேர்த்தது. சுத்தமான நாதம் போதாது, அதில் கொஞ்சம் கரகரப்பு கலந்தால்தான் உயிர் வரும் என்று நம் முன்னோரும் நினைத்தார்கள், அவர்களும் நினைத்தார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சுருதி சேர்ப்பதையும் சொல்லிவிடுகிறேன், வீணைக்காரிக்குச் சட்டென்று பிடிபடும். மூன்று முறை உண்டு. ஹோன்ச்சோஷி என்றால் ஸ-ம-மேல் ஸ. நியாகாரி என்றால் ஸ-ப-மேல் ஸ, அதாவது இரண்டாம் தந்தியை ஏற்றுவது. சான்சகாரி என்றால் ஸ-ம-கைசிகி நி, மூன்றாம் தந்தியை இறக்குவது. ஆதார ஸட்ஜம் பாடுபவரின் குரலுக்கு ஏற்ப மாறும். பாட்டின் நடுவிலேயே பிருடையைத் திருகி ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். ஜப்பானியப் பேச்சில் இன்றைக்கும் உடம்பு சரியில்லாதவர் "நான் இன்னும் ஹோன்ச்சோஷிக்கு வரவில்லை" என்றுதான் சொல்வார்.


பொன்னி எழுதியது:

படிக்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்தத் தோல் பூனைத் தோல் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? என் வீட்டில் மூன்று பூனைகள். இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் அந்த இசையைக் கேட்க முடியாது.


கயல்விழி எழுதியது:

பொன்னி, உண்மைதான், மறைக்க விரும்பவில்லை. பூனைத் தோலும் நாய்த் தோலும்தான் வழக்கம். மெல்லிய தண்டி வாத்தியங்களுக்குப் பூனையின் வயிற்றுத் தோல், அதில் முலைக்காம்பின் தடம் நான்கு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி தெரிந்தால் உயர்ந்தது என்று மதிப்பு. பயிற்சிக்கும் ட்சுகாருவுக்கும் நாய்த் தோல், அது தடிமன். அரிசிப் பசையால் சட்டத்தில் ஒட்டி, கயிறும் ஆப்பும் வைத்து, கிழியப் போகிறது என்கிற எல்லை வரை இழுப்பார்கள். அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால்தான் நல்ல நாதம் இருக்கிறதாம். மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டுக் கிழிந்தும் போகும்.

தெற்கே ஒகினாவாவின் சான்ஷினுக்கு மலைப்பாம்புத் தோல். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வாத்தியம் ஒசாகாவுக்குப் பக்கத்திலுள்ள சாகாய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அவ்வளவு பெரிய பாம்பின் தோல் அங்கே எளிதாகக் கிடைக்கவில்லை. கிடைத்த தோலைப் போட்டார்கள். ஒகினாவாவில் ஆட்காட்டி விரலில் கொம்பு நகம் மாட்டி மெதுவாக மீட்டுவார்கள். இங்கே பீவா வாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற துறவிகள் தங்கள் பாச்சியாலேயே இதையும் வாசித்தார்கள். மெல்லிய தோல், மேலே மரக்கட்டை அடி. ஷாமிசெனின் குரல் அப்படித்தான் உருவானது.


பொன்னி எழுதியது:

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. மரபு என்பதற்காக ஒரு உயிரின் தோல் தேவையா? செயற்கைத் தோல் போட்டால் என்ன குறைந்துவிடும்?


தம்புரா சுந்தரம் எழுதியது:

நியாயமான கேள்விதான். இதை நாம் ஜப்பானியர்களைப் பார்த்து மட்டும் கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மிருதங்கத்தில் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும், கஞ்சிராவில் உடும்புத் தோல் இருந்தது. உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்று சட்டம் வந்த பிறகு ஆட்டுத் தோலுக்கு மாறினார்கள். கஞ்சிரா செத்துவிடவில்லை. பழையதைக் கேட்டவர்கள் இன்னும் குறை சொல்கிறார்கள், கச்சேரி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஷாமிசெனுக்கும் இப்போது செயற்கைத் தோல் வந்துவிட்டது, கங்காரு தோலும் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் துறையில் இருப்பவர்கள் விலங்குகளை மறந்துவிடவும் இல்லை. டோக்கியோவில் ரியோகொகு பக்கம் எகோ-இன் என்றொரு கோயில் இருக்கிறது. மனிதர்களுக்காக இறந்த பூனை, நாய்களுக்கெல்லாம் அங்கே நினைவுக்கல் உண்டு.


ஜவ்வாதுமலையான் எழுதியது:

நான் இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை. தலைப்பில் "செம்மரத் தண்டி" என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். தோலைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், தண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கயல்விழி, அந்தத் தண்டி எங்கள் பக்கத்து மரமா?


கயல்விழி எழுதியது:

ஆமாம் அண்ணா. அதைச் சொல்லத்தான் அந்தத் தலைப்பு வைத்தேன், முதல் பதிவில் விட்டுப்போயிற்று. ஷாமிசென் தண்டிக்கு மூன்று மரம் சொல்வார்கள். காரின் சாதாரணம், ஷிதான் அடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலே கோக்கி. ஜப்பானிய எழுத்தில் கோக்கி என்றாலே "சிவப்பு மரம்" என்றுதான் பொருள். அது நம் செம்மரம், செஞ்சந்தனம் என்கிறோமே, அதுவேதான். கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்க மலைகளிலும் அதை ஒட்டிய தமிழ்நாட்டு மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அவ்வளவு அடர்த்தி, தண்ணீரில் போட்டால் மூழ்கும். மெட்டு இல்லாத வாத்தியத்தில் இடது கை நகம் தந்தியைத் தண்டி மேலேயே அழுத்தி ஓடும், மென்மையான மரம் பள்ளம் விழுந்துவிடும். செம்மரம் தாங்கும். சில கட்டைகளில் அலை அலையாக வரி ஓடும், அதற்கு தோச்சி என்று பெயர். அந்த வரி உள்ள தண்டிக்கு விலை எங்கேயோ போய்விடும்.

தண்டி ஒரே துண்டு இல்லை. மூன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். விலையுயர்ந்த வாத்தியங்களில் அந்தப் பொருத்துக் குழிக்குள் தங்கத் தகடு வைத்திருப்பார்கள். மாட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடம் அது.


ஜவ்வாதுமலையான் எழுதியது:

எங்கள் ஊரில் அந்த மரத்தின் பேரை வீட்டுக்குள் சொல்லமாட்டோம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு இருபது பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். பத்திரிகையில் கடத்தல்காரர்கள் என்று வந்தது. மரம் வெட்டக் கூலிக்குப் போன மலைச்சனம் என்று எங்களுக்குத் தெரியும். வெட்டினால் ஒரு நாளில் கிடைப்பது, ஊரில் மாதக்கணக்கில் உழைத்தாலும் கிடைக்காது. போனவர்கள் அதற்குத்தான் போனார்கள்.

ஷாமிசென் செய்பவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. கடத்திப் போகும் கட்டையில் பெரும்பங்கு சீனாவில் நாற்காலி, அலமாரி செய்யப் போகிறது என்று எனக்குத் தெரியும். வாத்தியத்துக்குப் போவது கொஞ்சம்தான். 1995இலிருந்து சர்வதேச ஒப்பந்தத்தில் அந்த மரம் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அதனால் முறையாக வாங்குபவர்களுக்கும் இப்போது அரிது. ஆனால் இவ்வளவு நாள் எனக்கு அந்தக் கட்டை லாரியில் ஏறுவதோடு கதை முடிந்தது. அது ஒருத்தர் மடியில் உட்கார்ந்து பாடுகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி அந்த ட்சுகாரு வாசிப்பைத் தேடிக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.


நடைவழி எழுதியது:

ஜவ்வாதுமலை அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நீங்கள் ட்சுகாரு கேட்டதாகச் சொன்னதால் அதன் கதையைச் சொல்கிறேன். அதுவும் கூலிக்காரர்களின் இசைதான். வடகோடியில் அவோமோரி, ஆளை மூடும் பனி. பார்வை இல்லாத ஆண்கள் வீடு வீடாக வாசலில் நின்று ஷாமிசென் வாசித்து அரிசி வாங்கிப் பிழைத்தார்கள். அவர்களை போசாமா என்பார்கள், அதில் மரியாதையைவிட இளப்பம்தான் அதிகம். கனாகி ஊரில் 1857இல் ஒரு படகோட்டிக்குப் பிறந்த நிதாபோ என்பவரைத்தான் இந்த வாசிப்பின் தொடக்கம் என்று சொல்வார்கள். வாசலில் நின்று வாசிப்பவர் உள்ளே இருப்பவரை வெளியே வரவைக்க வேண்டும். அதனால் சத்தம், வேகம், யாரும் வாசிக்காத அடி. பருத்த தண்டியும் தடித்த தோலும் அங்கே பிழைப்புக்கு வேண்டியிருந்தன.

தகாஹாஷி சிக்குசான் 1910இல் பிறந்தவர். சின்ன வயதில் தட்டம்மை வந்து கண் ஏறக்குறைய போய்விட்டது. அவரும் வாசல் வாசலாகப் போனவர்தான். 1970களில் டோக்கியோவில் ஷிபுயாவின் ஒரு சின்ன அரங்கத்தில் வாசித்தபோது கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். வாசலில் நிற்கவைத்த நாடு அவரை நடுவில் உட்காரவைத்தது. அதற்கு அவருக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

பெண்களும் இருந்தார்கள். மேற்குக் கரையில், இப்போது நீகாத்தா என்னும் பழைய எச்சிகோ பகுதியில், கோஸே என்ற பார்வையற்ற பாடகிகள். மூன்று நான்கு பேராக, முன்னால் போகிறவர் முதுகுச் சுமையில் கை வைத்து வரிசையாக நடப்பார்கள். ஊருக்கு ஊர் அவர்கள் தங்கும் வீடு உண்டு. ராத்திரி ஊரே அங்கே கூடும். கட்டுப்பாடு கடுமை. ஆண் உறவு வைத்தால் கூட்டத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்புறம் தனியாகத்தான் நடக்க வேண்டும். குரல் கட்டுவதற்காகக் கடும் குளிரில் விடியும் முன்னே ஆற்றங்கரையில் நின்று பாடவைப்பார்கள். கோபயாஷி ஹாரு 1900இல் பிறந்து மூன்று மாதத்தில் பார்வை இழந்தவர். 2005இல் 105 வயதில் இறந்தார். 1978இல் அரசு அவரைக் கோஸே பாட்டு மரபைக் காப்பவராக ஏற்றுக்கொண்டது.

எனக்குப் பிடித்தது இது. கோஸே பாடினால் பட்டுப்புழு நன்றாக வளரும் என்று விவசாயிகள் நம்பினார்கள். புழு வளர்க்கும் அறைக்கே கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். அவர்கள் ஷாமிசெனில் அறுந்த பட்டுத் தந்தியைச் சுகப்பிரசவத்துக்குக் கர்ப்பிணிகள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.


பொன்னி எழுதியது:

தந்தி பட்டா?


நடைவழி எழுதியது:

ஆமாம், மரபில் பட்டுதான். பீவா ஏரிக்கு வடக்கே கினோமோத்தோ பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் தயாரிக்கிறார்கள். முறுக்கி, அரிசிப் பசை ஏற்றி, மஞ்சளில் தோய்ப்பார்கள். நம் மஞ்சளேதான், அங்கே உகோன் என்று பெயர். அதனால்தான் ஷாமிசென் தந்தி மஞ்சளாக இருக்கிறது. அதே ஏரியில் சிக்குபு தீவில் பென்சைதென் கோயில் இருக்கிறது. பென்சைதென் நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போனவள், இங்கே வீணை, அங்கே கையில் பீவா.

மூன்றாவது தந்தி மெல்லியது, பட்டில் சீக்கிரம் அறும். அதனால் இப்போது பலர் அதற்கு மட்டும் நைலான் போடுகிறார்கள்.


தம்புரா சுந்தரம் எழுதியது:

பார்த்தீர்களா, நைலானுக்கு யாரும் சண்டை போடவில்லை. பாச்சிக்கு யானைத் தந்தம்தான் வேண்டும் என்றார்கள், ட்சுகாருவில் ஆமை ஓடுதான் வேண்டும் என்றார்கள். இரண்டும் கிடைப்பது அருகிப்போனது. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் வாசிப்பவர்கள் ஏராளம். மேதைகள் "கையில் ஒட்டவில்லை" என்கிறார்கள், அதையும் நான் நம்புகிறேன். வியர்வையைத் தந்தம் உறிஞ்சுவது போல் வேறெதுவும் உறிஞ்சாதாம்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஷாமிசெனிலிருந்து எதை எடுத்தாலும் தாங்கும், அந்த அடியையும் ஸவாரியையும் எடுத்தால் தாங்காது. மற்றதெல்லாம் வந்த வழியில் கிடைத்த பொருள்கள். ஒகினாவாவைப் பாருங்கள். 1945 போரில் தீவே எரிந்துபோனது. முகாமில் அடைபட்ட மக்கள் தகர டப்பாவைக் குடமாக வைத்து, கட்டில் சட்டத்தை உடைத்துத் தண்டி செய்து, பாராசூட் நூலைத் தந்தியாகக் கட்டி சான்ஷின் வாசித்தார்கள். காங்காரா சான்ஷின் என்று இன்றைக்கும் பிள்ளைகள் செய்து வாசிக்கிறார்கள். பாம்புத் தோல் எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.


கயல்விழி எழுதியது:

சுந்தரம் ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். தகர டப்பா அன்றைக்குக் கைகொடுத்தது, ஆனால் நிலைமை சீரானதும் அவர்களே பாம்புத் தோலுக்குத் திரும்பினார்கள். பொருள் மாறினால் கை மாறும், கை மாறினால் பாட்டு மாறும். கிதாயு வாசிப்பவர் மெல்லிய ஓசைக்கும் இடி போன்ற அடிக்கும் நடுவே எத்தனை படி வைத்திருக்கிறார் என்று அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். செயற்கைத் தோலில் அந்தப் படிகள் குறைகின்றன என்று வாசிப்பவர்களே சொல்லும்போது அதை நாம் தட்டிவிடக் கூடாது. பொன்னியின் கேள்வியும் எனக்குப் பெரியது. என் மனம் இங்கே இரண்டு பக்கமும் இழுக்கிறது, அதை அப்படியே சொல்கிறேன்.

எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது செய்பவர்கள் குறைவது. 2020இல் கொரோனா சமயத்தில் டோக்கியோவுக்கு மேற்கே ஹச்சியோஜியில் இருந்த, நாட்டிலேயே பெரிய ஷாமிசென் தயாரிப்பாளர் கடையை மூடப் போவதாக அறிவித்தார். செய்தி பரவி, இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் ஆதரவு கொடுத்த பிறகுதான் தொடர்ந்தார்கள். 2002 முதல் நடுநிலைப் பள்ளியில் ஒரு ஜப்பானிய வாத்தியமாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மெய்ஜி பேரரசர் காலத்தில் பள்ளிக்கூட இசை என்றாலே மேற்கத்திய இசை என்று ஆக்கிவிட்டு, நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் இது வந்தது.


பொன்னி எழுதியது:

எனக்காக யாரும் வாத்தியத்தை மாற்ற வேண்டாம், ஆனால் செயற்கைத் தோலில் வாசிப்பவர்களைத் தேடித்தான் நான் கேட்பேன். கோஸே பாட்டு ஒன்று கேட்டேன். சாயங்காலம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.


கயல்விழி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆசிரியைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் வாத்தியத்தைத் தொடவிடவில்லை. வாயால் மட்டும் சொல்லவைத்தார், நம் மிருதங்கச் சொற்கட்டு மாதிரி. இரண்டாம் தந்தியைத் திறந்து அடித்தால் "தோன்". மூன்றாவதை அழுத்தி அடித்தால் "சின்". இரண்டையும் சேர்த்து அடித்தால் "ஷான்". சின்-தோன்-ஷான், சின்-தோன்-ஷான் என்று முக்கால் மணி நேரம். இதற்கு வாய் ஷாமிசென் என்றே பெயர். ஏட்டில் எழுதிவைக்காத அந்தக் காலத்தில், கண் தெரியாத குருவிடமிருந்து கண் தெரியாத சீடனுக்கு இப்படித்தான் பாட்டு போயிருக்கிறது.

எனக்குக் கொடுத்தது காரின் தண்டியும் செயற்கைத் தோலும். பொன்னிக்காகச் சொல்கிறேன். ஆசிரியையின் சொந்த வாத்தியம் கோக்கி. வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், அலை அலையாக வரி ஓடியது. அந்த மரம் எங்கள் ஊர்ப் பக்கத்து மலையில் வளர்கிறது என்று சொன்னேன். ஐம்பது வருடமாக மடியில் வைத்திருக்கிறார், எந்த நாடு என்று தெரியும், மரத்தைப் பார்த்ததில்லையாம். இலை எப்படி இருக்கும், பூக்குமா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜவ்வாதுமலை அண்ணா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


ஜவ்வாதுமலையான் எழுதியது:

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும், வட்டமாக. பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெட்டினால்தான் உள்ளே சிவப்பு தெரியும். பூ மஞ்சள். சித்திரை வாக்கில் பூக்கும், வாசனை உண்டு. காய் தட்டையாக, சுற்றிலும் இறக்கை வைத்தது போல் இருக்கும், காற்றில் பறந்து விழும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நட்டுவளர்த்தது ஒன்று நிற்கிறது. பூக்கும்போது படம் எடுத்து இங்கே போடுகிறேன். அவரிடம் காட்டுங்கள்.